பழைய வண்டியின் எண்ணெய்க் கசிவும் நம் அமானிதமும்





திருப்பூரில் ஒரு பனியன் உருவாகி முடிவதற்குள் அதன் துணி பலமுறை ஊரைச் சுற்றி வந்துவிடுகிறது. நூல் நிட்டிங் கூடத்துக்குச் செல்கிறது. அங்கிருந்து கோரா துணியாகச் சாயப்பட்டறைக்குச் செல்கிறது. பிறகு காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு வேலையும் ஒவ்வொரு தெருவில் நடக்கிறது. இந்தத் தெருக்களையெல்லாம் ஒரே தொழிலாக இணைத்து வைத்திருப்பவை மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோக்கள். அவற்றுள் பல பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடித் தேய்ந்தவை. அவற்றை ஓட்டிக் குடும்பம் நடத்துபவர்களில் நம் சமுதாயத்துச் சகோதரர்கள் கணிசமானோர்.

இந்த ஊரின் பின்னலாடைத் தொழிலுக்கும் நமக்கும் உள்ள உறவு புதிதன்று. 1925ஆம் ஆண்டில் குலாம் காதர் அவர்கள் நிறுவிய பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸ்தான் இங்கே முதலில் தோன்றிய பின்னலாடைத் தொழிற்கூடம் என்று ஊரின் தொழில் வரலாறு கூறுகிறது. முதலாளியாக, தொழிலாளியாக, காதர்பேட்டையில் வியாபாரியாக, சாலையில் ஓட்டுநராக நாம் இத்தொழிலோடு கலந்து வாழ்கிறோம். ஆகவே இத்தொழிலின் நன்மையில் நமக்குப் பங்கு இருப்பதுபோல, அது விளைவிக்கும் தீங்கிலும் நமக்குப் பொறுப்பு உண்டு.

அத்தகைய தீங்குகளில் மிகச் சிறியதாகத் தோன்றும் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்: பழைய வண்டியிலிருந்து சொட்டும் எண்ணெய். "மார்க்கக் கட்டுரையில் ஆயில் சீலுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். மார்க்கம் பள்ளிவாசலின் வாசற்படியோடு நின்றுவிடுவதில்லை என்று மிம்பரில் கேட்கும்போது நாம் தலையசைக்கிறோம். வெளியே வந்ததும் நம் வண்டி நின்ற இடத்தில் தேங்கியிருக்கும் கறுப்பு வட்டத்தைப் பார்த்தும் பாராமல் போகிறோம். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் குறைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கசிவு எங்கிருந்து வருகிறது?

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். "பழைய வண்டி என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும்" என்பது பலருடைய வாதம். முதுமை ஒரு காரணம்தான்; ஆனால் கசிவுக்கு ஒவ்வொரு வண்டியிலும் குறிப்பிட்ட ஓர் இடம் இருக்கும். டிரெயின் நட்டின் அடியிலுள்ள வாஷர் நசுங்கியிருக்கலாம். டேப்பெட் கவரின் கேஸ்கெட் காய்ந்து வெடித்திருக்கலாம். கிராங்க் ஷாஃப்டின் முனையிலோ, கியர் பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டிலோ இருக்கும் ரப்பர் ஆயில் சீல், வெப்பத்தில் இறுகி வாய் தேய்ந்திருக்கலாம். என்ஜினின் உள்காற்று வெளியேறும் பிரீதர் வழி அடைபட்டிருந்தால், உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலின் வழியாகவும் எண்ணெய் வெளியே தள்ளப்படும். அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவதும் கசிவை உண்டாக்கும்.

வீட்டு வாசலிலேயே ஓரளவு கண்டறியலாம். என்ஜினின் வெளிப்புறத்தைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் விழுந்திருக்கும் துளி விவரம் சொல்லும். கறுத்தோ பழுப்பாகவோ இருந்தால் என்ஜின் எண்ணெய். தடித்துக் காரமான வாடை அடித்தால் கியர் எண்ணெய். நீர்த்து எளிதில் பரவினால் டீசல். சக்கரத்தின் அருகில் வழவழப்பாகத் தெளிந்த துளி இருந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கக்கூடும். அப்படியிருந்தால் அன்று வண்டியை எடுக்கவே கூடாது. பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கசிவு வெளியே தெரியாமலும் இருக்கும். கியர் பாக்ஸ் பக்கத்துச் சீல் போய்விட்டால் கியர் எண்ணெயை என்ஜின் உள்ளே இழுத்து எரித்துவிடும். சைலன்ஸரில் அடர்ந்த வெண்புகை வருவதும் கியர் எண்ணெய் குறைந்துகொண்டே போவதும் அதன் அடையாளம்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படும் பொருள் மலிவானது. ஒரு வாஷர், ஒரு கேஸ்கெட், ஒரு சீல், அவ்வளவே. ஆனால் சில சீல்களை மாற்ற என்ஜினையே இறக்க வேண்டும். வேலையும் கூலியும் அங்கேதான் கூடுகின்றன. வண்டி ஒன்றிரண்டு நாள் பட்டறையில் நிற்கும். அந்த நாட்களின் வருமானமும் போகும். ஆகவேதான் வெளியே எம்-சீல் பூசி, "ஓடும் வரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். வெளியில் பூசிய பூச்சு உள்ளே சுழலும் தண்டின் கசிவை நிறுத்தாது. குறைந்துகொண்டே போகும் எண்ணெயைக் கவனிக்காமல் விட்டால், ஒரு நாள் பாரத்தோடு ஏறும்போது என்ஜின் இறுகி நின்றுவிடும். அன்று ஆகும் செலவு பல சீல்களின் செலவாக இருக்கும்.

சிலர் வண்டியின் முன்கண்ணாடியில் "மாஷா அல்லாஹ்" என்று ஒட்டிவிட்டு, கசிவைத் தவக்குலின் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நட்டை இறுக்குவதும் சீலை மாற்றுவதும் நம் காலத்தின் ஒட்டகக் கயிறு.

பாதைக்கு உரிய ஹக்கு

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியுள்ளார்கள். பிறர் போட்ட முள்ளை எடுப்பதே ஈமானின் கிளை என்றால், நாமே இடையூறைப் போட்டுக்கொண்டு போவது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம் முன்னோர்களான அறிஞர்கள் இதைப் பொதுவாகச் சொல்லி விட்டுவிடவில்லை. 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில், தெருக்களில் நடக்கும் தவறுகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார்கள். குறுகிய தெருவில் முட்பாரம் ஏற்றிய பிராணியை ஓட்டி மக்களின் ஆடையைக் கிழிப்பது, கடைவாசலில் அறுத்து வழியை இரத்தத்தால் அசுத்தப்படுத்துவது, முலாம்பழத் தோலை வழியில் எறிவது, கால் சறுக்கும் அளவுக்குத் தண்ணீர் தெளிப்பது என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுகிறார்கள். அவர்கள் காலத்தில் பாரம் சுமந்தது கழுதையும் ஒட்டகமும். இன்று சரக்கு ஆட்டோ சுமக்கிறது. ஆடையைக் கெடுப்பதும் கால் சறுக்கச் செய்வதும் அன்றும் இன்றும் ஒன்றே.

ஃபிக்ஹு நூல்கள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றன. ஷாஃபிஈ மத்ரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், பாதையில் குப்பையையோ பழத்தோலையோ போட்டு அதனால் ஒருவருக்குச் சேதம் ஏற்பட்டால், போட்டவர் ஈடு தர வேண்டும் என்பதே சரியான கருத்தாகக் கூறப்பட்டுள்ளது. ஹனஃபி மத்ரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயாவிலும், பாதையில் ஒருவர் ஏற்படுத்தும் காரியங்களுக்கென்றே ஒரு பாடம் உள்ளது. வழியில் தண்ணீர் ஊற்றி அதனால் விளையும் சேதம் அங்கே பேசப்படுகிறது. கசியும் எண்ணெய்க்கும் அச்சட்டம் அப்படியே பொருந்துமா என்று தீர்ப்பளிப்பது முஃப்திகளின் பணி. நான் அதைச் செய்யவில்லை. ஆனால் பாதை என்பது யாருடைய சொத்தும் அன்று, எல்லோருடைய உரிமை என்ற அடிப்படை இரண்டு மத்ஹபுகளிலும் தெளிவாக உள்ளது.

கோடையில் தாரோடு தாராகப் படிந்துகிடக்கும் எண்ணெய், முதல் மழையில் மேலே மிதந்து வரும். அவிநாசி சாலையிலும் காங்கயம் சாலையிலும் அந்த வேளையில் இருசக்கர வண்டியில் வருபவர் பெரும்பாலும் யார்? ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி. பின்னால் பிள்ளையை உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் செல்லும் தாய். திருப்பத்தில் சறுக்கி விழுபவருக்கு அந்தத் துளி எந்த வண்டியிலிருந்து விழுந்தது என்று தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்.

மண்ணுக்கு உரிய ஹக்கு

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ இருபது துளிகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். வண்டி ஓடும் பத்து மணி நேரத்தில் நிமிடத்துக்கு ஒரு துளி வீதம் சொட்டினால், நாளொன்றுக்கு 600 துளிகள், அதாவது 30 மில்லிலிட்டர். ஆண்டில் 300 நாள் ஓடினால் 9 லிட்டர். இது ஒரு வண்டியின் கணக்கு. ஒரு முறை வண்டியிலிருந்து மாற்றும் எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது.

இந்த எச்சரிக்கையை மற்ற ஊரார் புத்தகத்தில் படிக்கலாம். திருப்பூர்க்காரருக்கு அது வாழ்ந்து பார்த்த அனுபவம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யலுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். பாசனத்துக்காக 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. எந்த உழவர்களுக்காக அணை கட்டப்பட்டதோ, அவர்களே அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று போராடும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முற்றாகச் சுத்திகரித்து மறுபயன்பாடு செய்யாத சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பது அப்போது இங்கிருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்த அழிவும் ஒரே நாளில் வரவில்லை. "என் ஒரு பட்டறையின் தண்ணீரால் ஆறு கெட்டுவிடுமா?" என்று ஒவ்வொருவரும் கேட்டதன் மொத்தம்தான் அது. "என் ஒரு வண்டியின் சொட்டால் என்ன ஆகிவிடும்?" என்ற கேள்வியும் அதே கேள்விதான். பிறருக்குத் தீங்கிழைப்பதும் கூடாது, பதிலுக்குப் பதில் தீங்கிழைப்பதும் கூடாது என்னும் நபிவழி நியதி, தீங்கு இவ்வளவு பெரிதாக இருந்தால்தான் செல்லும் என்று ஓர் அளவு வைக்கவில்லை.

கசியும் எண்ணெயைவிடப் பெரிய பிரச்சினை, மாற்றியபின் வடித்த எண்ணெய். பட்டறைக்குப் பின்னால் சாக்கடையில் ஊற்றப்படுவதும், சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கொடுக்கப்படுவதும், மண்ணில் கொட்டப்படுவதும் நாம் காணும் காட்சிகள். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயகரக் கழிவுகளின் பட்டியலில் வைத்துள்ளன. 2023இல் அவ்விதிகள் திருத்தப்பட்டு, எண்ணெய் தயாரிப்போரும் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் அந்தப் பக்கம் இருக்கட்டும். ஒரு பழைய கேனில் சேர்த்துவைத்து, அங்கீகாரம் பெற்று வாங்குபவரிடம் கொடுப்பது எந்தப் பட்டறைக்கும் இயலாத காரியமன்று.

பட்டறையில் நீதி

கசிவைச் சரிசெய்வதில் மூன்று தரப்பாரின் அமானிதம் இருக்கிறது: வண்டிக்காரர், மெக்கானிக், வண்டியை வாங்கப்போகிறவர்.

நல்ல மெக்கானிக் முதலில் என்ஜினைக் கழுவி, ஓட்டிப் பார்த்து, கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பார். புதுச் சீலைப் போடுமுன், தண்டில் ஆட்டம் இருக்கிறதா, சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா, பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால், புதுச் சீலும் சில மாதங்களில் போய்விடும். அதை வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்வது அவருடைய கடமை. சொல்லாமல் சீலை மட்டும் மாற்றி, மறுமுறையும் கூலி வாங்குவது உழைப்பின் வருமானம் போலத் தோன்றினாலும் அதில் பரக்கத் இருக்காது.

தொழிலாளி கையில் ஒப்படைத்த பொருள் கெட்டால் யார் பொறுப்பு என்று ஃபுகஹாக்கள் விரிவாகப் பேசியுள்ளனர். பலருக்கும் வேலை செய்து கொடுக்கும் தொழிலாளி, தன் செயலால் விளைந்த கேட்டுக்குப் பொறுப்பாவார் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. தவிர்த்திருக்கக்கூடிய இழப்புக்கும் அவர் பொறுப்பாவார் என்று அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் கூறினர். கருத்து வேறுபாடு எல்லையில்தான். "கொடுத்துவிட்டாய், இனி உன் பாடு" என்று கைகழுவுவதை எவரும் ஏற்கவில்லை.

அதே வேளையில், வண்டிக்காரரும் நியாயமாக நடக்க வேண்டும். "இருபது ரூபாய் ரப்பருக்கு இவ்வளவு கூலியா?" என்று பேரம் பேசுகிறவர், என்ஜினை இறக்கி ஏற்றும் உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. "அடுத்த வாரம் தருகிறேன்" என்று வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டு, அடுத்த பழுதுக்கு வேறு பட்டறை தேடுவது எந்த ஒழுக்கத்திலும் சேராது.

விற்கும் நேரத்தில் சோதனை இன்னும் கடுமையானது. என்ஜினைப் பளபளவென்று கழுவி, கசியும் இடத்தில் பசை பூசி, வாங்குபவர் வந்து பார்க்கும் அரைமணி நேரம் மட்டும் சொட்டாமல் பார்த்துக்கொள்வது சந்தையில் சகஜமாகிவிட்டது. தானியக் குவியலின் உள்ளே கைவிட்டு, நனைந்த பகுதியை வெளிக்கொணர்ந்த நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணுமாறு அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று அவ்வியாபாரியைக் கேட்ட சம்பவம் நமக்கு நன்கு தெரியும். கசிவை மறைத்து விற்ற ஆட்டோ, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கும் அந்தத் தானியமேதான். "இந்தச் சீல் போயிருக்கிறது, மாற்ற இவ்வளவு ஆகும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி விற்பவருக்குச் சில ஆயிரம் குறையலாம்; அவருடைய பணத்தில் பரக்கத் குறையாது.

வசதியற்றவர் என்ன செய்வார்?

இவ்வளவும் எழுதிவிட்டு ஓட்டுநரை மட்டும் குற்றக் கூண்டில் நிறுத்தினால் அது அநீதியாகும். வண்டி கசிவது பாவமன்று. எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சோதிப்பதில்லை. அறிந்தும், இயன்றும் விட்டுவைப்பதுதான் கேள்விக்கு உரியது. இயலாமல் இருப்பவருக்கு இயலச்செய்வது நம் கடமை.

ஒரு ஓட்டுநரின் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். வாடகை, பிள்ளைகளின் கட்டணம், வண்டிக்கடன், டீசல். எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. செலவு வேறு. இந்த நிலையில் இரண்டு நாள் வண்டியை நிறுத்துவது என்றால், அந்த இரண்டு நாளில் அவருடைய டிரிப் வேறொருவருக்குப் போய்விடும். திரும்பி வரும்போது அந்தக் கம்பெனி அவரை மறந்திருக்கும். இந்த அச்சமே பல கசிவுகளுக்கு உண்மையான காரணம். கையில் காசு இல்லாதவர் வாரவட்டிக்கு வாங்கிச் சீலை மாற்றினால், எண்ணெய்க் கசிவு நின்று வட்டிக் கசிவு தொடங்கும். அது இதைவிடக் கேடானது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் கம்பெனி முதலாளிகளுக்கு. உங்கள் துணியைச் சுமக்கும் வண்டியின் ஓட்டுநர், பழுதுபார்க்க இரண்டு நாள் கேட்டால் மனமுவந்து கொடுங்கள்; அவருடைய டிரிப்பை அவருக்காகவே வைத்திருங்கள். வெள்ளைத் துணி மூட்டையை இறக்கும் இடத்தில் எண்ணெய் படிந்து ஒரு ரோல் கெட்டால், இழப்பு உங்களுக்கும்தான். கராரான வாடகை பேசும்போது, வண்டியின் பராமரிப்பும் அந்த வாடகைக்குள்தான் அடங்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு. பைத்துல்மாலில் மருத்துவத்துக்கும் திருமணத்துக்கும் உதவுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். வாழ்வாதாரக் கருவியைப் பழுதுபார்க்கச் சில ஆயிரம் ரூபாயை வட்டியில்லா அழகிய கடனாகக் கொடுத்து, சிறு தவணையில் திரும்பப் பெறும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். கடனைப் பட்டறைக்காரரிடமே நேரடியாகச் செலுத்தினால் பணம் வேறு வழியில் செல்லாது. நம் மஹல்லாவில் மெக்கானிக் இளைஞர்கள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிகளைப் பார்த்து, எங்கே கசிகிறது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, வீட்டுச் சகோதரிகளுக்கு. பெருநாளுக்குப் புதுத்துணி எடுக்கும் காசில் வண்டியைச் சரிசெய்யலாம் என்று கணவர் தயங்கிச் சொன்னால், முகம் சுளிக்காதீர்கள். மாதம் ஒரு சிறு தொகையை வண்டிக்கென்று உண்டியலில் தனியே எடுத்துவைக்கும் பழக்கம் பெரும்பாலும் உங்கள் கையில்தான் நிலைக்கும்.

பழுதுபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. என்ஜின் உடலே விரிசல் கண்டு, மாதாமாதம் பணத்தை விழுங்கும் வண்டியைப் பிடிவாதமாக ஓட்டுவது சிக்கனமன்று, வீண்விரயம். அந்நிலையில் அனுபவமுள்ளவரைக் கலந்தாலோசித்து வண்டியைக் கழித்துவிடுவதே அறிவு.

கறையும் தொழுகையும்

இறுதியாக, பட்டறைச் சகோதரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: "ஹஜ்ரத், உடம்பெல்லாம் ஆயில், தொழுகை கூடுமா?" கனிம எண்ணெய் நஜீஸ் அன்று, சட்டையில் அதன் கறை இருப்பதால் தொழுகை முறியாது. உளூவில் கவனிக்க வேண்டியது, தண்ணீர் தோலைச் சேர்கிறதா என்பது. கிரீஸ் கட்டியாகப் படிந்து தண்ணீரைத் தடுத்தால் அதைத் தேய்த்து அகற்ற வேண்டும். பிசுபிசுப்பு மட்டும் எஞ்சி, தண்ணீர் தோலின் மேல் ஓடிவிட்டால் போதுமானது. ஆனால் பள்ளியின் விரிப்பில் கறைபட்டால் பின்னால் வருபவரின் ஸஜ்தா சிரமப்படும். ஆகவே ஒரு சுத்தமான சட்டையும் கைலியும் பட்டறையில் தனியே தொங்கட்டும். கறையைக் காரணம் காட்டி ஜும்ஆவைத் தவறவிடாதீர்கள். ஹலாலான உழைப்பின் கறை வெட்கப்பட வேண்டியதன்று.

ஒரு சீலை மாற்றுவதால் நொய்யல் தெளிந்துவிடாது என்பதை நான் அறிவேன். ஆனால் நாளை மறுமையில் நொய்யலைப் பற்றி நம்மிடம் கேட்கப்படுமுன், நம் வண்டியைப் பற்றி நம்மிடம் கேட்கப்படும். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்படுமுன், வண்டி நின்ற இடத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். துளி இருந்தால், அடுத்த வாரத்துக்குள் பட்டறைக்குக் கொண்டுசெல்ல நிய்யத் வையுங்கள்.

நம் கைகளால் பிறருக்கு நன்மை மட்டுமே சேரவும், நம் உழைப்பில் பரக்கத் பெருகவும், அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.